ஏழூர் எழுந்து பதில் சொல்லுக

மழை தன் நாளில் பெய்க. ஏர் தன் சாலில் செல்க. வெண்ணாவல் நாட்டின் எத்திசையிலும் அறம் கண் துஞ்சாதிருக்க.

நாவல்மாநகரிலிருந்து, ஏர்க்கொடிக் கட்சியின் மந்திர ஓலை நாயகமும் அரசவையில் மூன்றாம் இருக்கைக்கு உரியவளுமான வீராணி, ஆனைவாய்க் கணவாய்க்கு உட்பட்ட ஏழூர் நாட்டைத் தாய்வழி உரிமையால் ஆள்பவரும், ஏழு சுனைகளுக்கு உடையவரும், என் தம்பி எழினியின் இல்லத்தரசியுமாகிய நாடாள்வார் சாத்தி நங்கையார் திருமுன்பு விடுக்கும் ஓலை.

தங்கள் சுனைகள் வற்றாதிருக்க. தங்கள் தினைப்புனங்களில் கிளி குறைந்து கதிர் மிகுக. தங்கள் மகள் பூவணிக்குப் பல் முளைக்கும் காலம் நோவின்றிக் கழிக. வாழ்த்துகள் அனைத்தையும் முதலிலேயே எழுதிவிட்டேன். இனி வரும் செய்தியில் வாழ்த்துக்கு இடமில்லை.

முந்தாநாள் ஓடத்துறை மன்றில் நம் கட்சிக்காக நிற்பவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஒன்பது ஊர்களிலிருந்து வந்த சார்பாளர் இருநூற்று நாற்பத்து மூவரும் ஆளுக்கொரு கழற்சிக்காயைக் குடத்தில் இட்டனர். பாழியூர்த் தலைவர் கண்டன் நீலனார் குடத்தில் நூற்று இருபத்து நான்கு காய்கள் விழுந்தன. என் தம்பியின் குடத்தில் நூற்றுப் பத்தொன்பது. எனவே, வரும் அறுவடைக்குப் பின் நாடு முழுதும் கூடிப் பெருமந்திரியைத் தேரும்போது, ஏர்க்கொடியின் கீழ் நிற்கப்போகிறவர் நீலனாரே. எதிர்க்கட்சியான தராசுக்கொடியார் இம்முறை தமக்குள் பிளவுபட்டுக் கிடப்பதால் அவர் வெல்வதும் உறுதி. வென்றால் அவர் முதலில் செய்யப்போவது இன்னதென்று தாங்கள் அறிவீர்கள். ஆனைவாய்க் கணவாயைக் குறுக்கே அடைத்துப் பெருங்கரை எழுப்புவார். தெற்கே நாற்பது ஊர்களுக்கு நீர் போகும். தங்கள் ஏழு ஊர்களும் அந்நீரின் அடியில் கிடக்கும்.

மூன்று பேர் வேறு குடத்தில் கையிட்டிருந்தால் இவ்வோலை வேறுவிதமாய் இருந்திருக்கும். அந்த மூவரை யார் இழந்தது என்பதைத் தாங்கள் பிறர் வாயால் கேட்கலாகாது. நான் இழந்தேன். எழினி தோற்கவில்லை, அவனுக்கு வழி வகுத்த நான் தோற்றேன்.

ஒன்பது ஊர்களிலும் வரிசையாய் நடந்த சொற்போரில், முதல் நான்கு ஊர்களில் நம் கை ஓங்கியிருந்தது. எழினி எங்கு எழுந்து நின்றாலும் ஏழூரின் தொள்ளாயிரம் குடிகளைப் பற்றியே பேசினான். தினைப்புனம், சுனை, ஊர்க்காவல் மரம், புதைகாடு என்று அவன் ஒவ்வொன்றாய்ச் சொல்லச் சொல்ல, கேட்டவர் தத்தம் ஊரை நினைத்துக்கொண்டனர். நீலனாரோ தொண்டையைச் செருமிக்கொண்டு, எத்தனை முழ உயரம், எத்தனை மதகு என்று தரையைப் பார்த்தே பேசி, பாதியில் மறந்து அமர்ந்துவிடுவார். அவர் பேச எழுந்தாலே வெற்றிலை மடிக்கத் தொடங்கிவிடுவர் சார்பாளர். நான்காம் ஊரில் நான் சிரித்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

ஐந்தாம் ஊரான உப்பங்காடியில் அது மாறிற்று. எழினி பேசி முடித்த நேரம், கூட்டத்தின் நடுவிலிருந்த மீன்காரி ஒருத்தி கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டே, "ஆளு நல்லாத்தான் பேசுறாரு. ஆனா பேசுறது அவரு வாயில்லடி, மாமியா வீட்டுச் சோறு" என்றாள். மன்று முழுதும் சிரித்தது. நீலனாரின் ஆட்கள் அதைப் பாட்டாக்கினர். ஆறாம் ஊரில் நாங்கள் நுழையுமுன்பே அப்பாட்டு நுழைந்திருந்தது. ஏழாம் ஊரில் எங்களுக்கு இலை போட்டவர்களே, மாமியார் வீட்டுச் சுவை இங்கே வராது என்று சொல்லிப் பரிமாறினர். எழினிக்குக் கோபம் வரவில்லை. "அக்கா, அந்தச் சோறு நல்ல சோறு. அதுல பொய் ஒண்ணும் இல்லையே" என்று சொல்லி மறுசோறு கேட்டான். நான் இலையை மூடிவிட்டேன். மனைவியின் நிலத்துக்காக வாதாட வந்தவன் என்னும் பெயர் ஒட்டிக்கொண்டால், நாடு முழுதுக்கும் மந்திரியாகத் தகுந்தவன் என்று எவரும் அவனைக் கருதமாட்டார் என்பது எனக்குத் தெரியும்.

எட்டாம் ஊரில் குடங்களை மனத்திலேயே எண்ணிப் பார்த்தேன். இரு பக்கமும் ஏறத்தாழ நூற்றுப் பத்து இருந்தது. இருபது பேர் எப்பக்கமும் சாயாமல் நின்றனர். என் துணைவர்கள், நீலனாரின் தமையன் கோயில் நிலத்தை வளைத்த பழங்கதையைத் தோண்டலாம் என்றனர். அது உண்மையும் அன்று, நம் வீட்டு வழக்கமும் அன்று, நான் மறுத்தேன். அதற்கு மாறாக நானே ஒரு வழி கண்டேன். அந்த வழியை எண்ணி அன்று மாலை எவ்வளவு பெருமை கொண்டேன் என்பதை நினைத்தால் இன்று என் முகத்தை நான் பார்த்துக்கொள்ளக் கூசுகிறேன்.

ஒன்பதாம் ஊரின் கடைசிச் சொற்போரில் நம் கட்சிக்கு ஒரு மரபு உண்டு. ஒருவர் தம் வழக்கை உரைக்குமுன், எதிரியின் வழக்கை எதிரியின் பொருட்டு எடுத்துரைக்க வேண்டும். அதைக் கேட்டு எதிரி, ஆம், இதுவே என் சொல், என்று ஒப்பிய பின்னரே தம் மறுமொழியைத் தொடங்கலாம். எதிர்மொழி என்று அதற்குப் பெயர். நாற்பது ஆண்டுகளாக எவரும் அதைப் பொருட்படுத்தியதில்லை. நாலு சொல் முணுமுணுத்து, எதிரியும் தலையசைக்க, தாண்டிப் போய்விடுவர். நான் அங்கேதான் கையை வைத்தேன். எழினி நீலனாரின் வழக்கை நீலனாரைவிட நன்றாக உரைத்துவிட்டால், மாமியார் வீட்டுச் சோறு என்னும் பேச்சு அங்கேயே மாயும். இத்தகைய நடுநிலையாளனே மந்திரியாக வேண்டும் என்று அந்த இருபது பேரும் நம் குடத்துக்கு வருவர் என்று கருதினேன். அதற்காக அவனை வேற்றுருவில் பாழியூர்ப் பக்கம் ஐந்து நாள் அனுப்பினேன்.

ஐந்தாம் நாள் திரும்பியவன் குளிக்க ஒரு குடத்துக்குமேல் நீர் ஏற்கவில்லை. வாயிலில் கால் கழுவ நீர் ஊற்ற வந்த பணிப்பெண்ணைத் தடுத்தான். களைப்பு என்று எண்ணினேன். தம்பியைத் தொட்டிலில் ஆட்டியவள், அவன் முகத்தைப் படிக்கத் தவறினேன்.

ஒன்பதாம் ஊரான ஓடத்துறையில் முதலில் எதிர்மொழி உரைத்தவர் நீலனார். எழுந்தார், செருமினார். ஏழூர் மூழ்கும், அங்குள்ளோர் அழுவர், அவர் அழுவது நியாயம் என்று மூன்றே சொல்லில் முடித்து அமர்ந்தார். மன்று சிரித்தது. எழினி சிரிக்கவில்லை. ஆம், இதுவே என் சொல் என்று எழுந்து வணங்கினான். அவன் குரலில் ஏளனம் இல்லாததை நான் அப்போதேனும் கவனித்திருக்க வேண்டும்.

பிறகு அவன் பேசினான். முழ உயரமும் மதகும் அவன் வாயில் வரவில்லை. பாழியூரில் திருமணம் பேசும்போது பெண் வீட்டார் நிலம் எவ்வளவு என்று கேட்பதில்லை, கிணற்றில் உங்கள் முறை எந்நாள் என்று கேட்பர் என்றான். பதினொரு ஆண்டாய் ஏரி வெடித்துக் கிடப்பதால், குடம் முகக்க நீர் இல்லை. ஆகவே வீட்டுக்கு வந்த மருமகளை, உடல் மெலிந்தவள் என்பதால், கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்குவர். அவள் அடியில் நின்று ஊறுகிற நீரைக் கொட்டாங்கச்சியால் வழித்து வழித்துக் குடத்தை நிரப்புவாள். ஒரு குடம் நிரம்ப அரைப் பகல் ஆகும். வெயில் உச்சிக்கு வரும் வரை அவள் மேலே தெரியும் வட்ட வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அக்கயிற்றை நான் பிடித்தேன் என்று சொல்லித் தன் இரு கைகளையும் விரித்துக் காட்டினான். கயிறு அறுத்த காயம் இன்னும் ஆறவில்லை. முன்வரிசையில் இருந்தவர்கள் எழுந்து பார்த்தனர். பின்வரிசையார் அவர்களை அமரச் சொல்லவில்லை.

நங்கையே, நான் மகிழ்ந்தேன். நம் வழி பலித்தது என்று என் அருகிலிருந்தவள் கையைப் பற்றினேன்.

இது உம் சொல்தானா என்று மன்றத் தலைவர் நீலனாரைக் கேட்டார். அவர் எழினியின் கைகளையே பார்த்தார். பிறகு, "முப்பது வருசமா நான் சொல்ல வந்தது இதுதான், தம்பி. எனக்குத்தான் வாய் வரல" என்றார்.

எழினி தன் மறுமொழிக்கு எழுந்தான். ஒரு நாழிகை அவனுக்கு உரியது. எட்டு ஊர்களில் பேசிய அதே சொற்களைப் பேசினான். தினைப்புனம், சுனை, காவல் மரம். அவற்றில் ஒன்றும் பொய்யில்லை. ஆயினும் எட்டு முறை சொன்ன சொல் ஒன்பதாம் முறை பழகிய சொல்லாய் இருந்தது. இடையே ஓடக்கார முதியவர் ஒருவர், இரக்கத்தோடுதான், "போதும் ஐயா. அந்தப் பொண்ணு இன்னும் கிணத்துக்குள்ளயே நிக்குது" என்றார்.

எழினி நிறுத்திவிட்டான். நாழிகை வட்டிலில் முக்கால் பங்கு நீர் மீந்திருந்தது. அவன் வந்து அமர்ந்தான்.

பேசியவனை மதிப்பார்கள் என்று கருதினேன். பேசியதை நம்பிவிட்டார்கள். காலையில் நம் பக்கம் இருந்த ஓடத்துறைச் சார்பாளர் மூவர் மாலையில் என் விடுதிக்கு வந்து, தெற்கத்தியாரின் துன்பம் தங்கள் தம்பியார் வாயால்தான் எங்களுக்கு விளங்கிற்று, அதற்குமேல் அவர்களுக்கு எதிராய்க் காய் இட எங்களுக்கு மனம் வரவில்லை, பொறுத்தருள வேண்டும் என்று வணங்கிச் சென்றனர். நன்றி சொல்ல வந்தவர்களைப் போல இருந்தது அவர்கள் முகம். அவர்களை வைய என்னால் இயலவில்லை. கிணற்றுக்குள் நிற்கும் அப்பெண்ணையும் என்னால் வைய இயலவில்லை. இத்தோல்வியில் பகைக்க எனக்கு ஒருவரும் இல்லை.

இதனினும் கொடியது இனித்தான் எழுத வேண்டும்.

போட்டிக்கு இறங்குமுன் இருவரும் ஏரின் கொழுமுனையைத் தொட்டுச் செய்யும் சூளுரை தாங்கள் அறிந்ததே. தோற்றவர், வென்றவரின் வாயாக நாடெங்கும் சென்று அவர் வழக்கை உரைக்க வேண்டும். மறுத்தால் அதன்பின் அவர் சொல் எம்மன்றிலும் ஏற்கப்படாது. நேற்றுக் காலை நீலனார் செருப்பில்லாமல் நடந்து எம் விடுதிக்கு வந்தார். வெற்றியின் தருக்கு அவரிடம் எள்ளளவும் இல்லை. இருந்திருந்தால் எனக்கு எளிதாய் இருந்திருக்கும். நான் அமரச் சொல்லியும் அமராமல் நின்று, "அம்மா, அந்த வாயை எனக்குக் குடுங்க. நாப்பது ஊரு குடிக்கணும்" என்றார்.

உள்ளிருந்து எழினி வந்தான். சூளுரை செய்தது நான், கேட்க வேண்டியது என்னை என்றான். பிறகு ஒன்றே ஒன்று வேண்டினான். அவன் பேசப்போகும் ஊர்களுள் முதல் ஊர் ஏழூராக இருக்க வேண்டும். ஏனென்று நீலனார் வினவ, என் மனைவி இதை வேறொருவர் வாயால் கேட்கலாகாது என்றான். நீலனார் தலை குனிந்து ஒப்பினார்.

இதைத் தங்களுக்குத் தானே எழுதுவதாகச் சொல்லி மூன்று ஓலை எடுத்தான். மூன்றையும் பெயர் எழுதியதோடு கிழித்தான். "அவ என்ன சொல்லுவா, அக்கா?" என்று கேட்டான். ஆகையால் இதை நான் எழுதுகிறேன். தமக்கையாய் அன்று, மந்திர ஓலை நாயகமாய். தமக்கையாய் எழுதினால் வர வேண்டா என்று அவனைத் தடுக்கத்தான் தோன்றும்.

இனி எழுதுவது ஆணை. இப்பகுதியை ஏழூர் மன்றில் குடிகள் கேட்க வாசிக்க.

வரும் வளர்பிறைப் பதினோராம் நாள், பொழுது புலர்ந்து பனி விலகும் வேளையில், கட்சியின் வாயாகிய எழினி ஏழூர் மன்றில் ஆனைவாய்க் கரையின் வழக்கை உரைப்பான். மூழ்கப்போகும் ஊரின் மன்றில் உரைக்கப்படாத கரை எழலாகாது என்பது வெண்ணாவல் நாட்டு நீர்முறை. ஊரில் ஒருவர் எழுந்து அதற்குப் பதில் உரைப்பதும், அப்பதில் சொல்லுக்குச் சொல் ஓலையில் ஏறி அரசர் முன் வைக்கப்படுவதும் அம்முறையே. அப்பதிலில் ஏறிய வீட்டுக்கு வீடும், ஏறிய நிலத்துக்கு நிலமும், ஏறிய கிணற்றுக்குக் கிணறும் வேறிடத்தில் தரப்படும். ஏறாத எதற்கும் ஒன்றும் இல்லை. எவரும் எழாவிடில் ஊர் உடன்பட்டது என்று கொள்ளப்படும்.

இதுவரை இந்நாட்டில் எழுந்த கரைகள் பதினொன்று. எந்தப் பதிலும் எந்தக் கரையையும் நிறுத்தியதில்லை. இதனை மறைத்துத் தங்களுக்கு நம்பிக்கை தர எனக்கு உரிமை இல்லை. ஆயினும் மூன்றாம் கரையில் மூழ்கிய புன்னைவாயைத் தாங்கள் நினைக்க வேண்டும். அங்கே பேச வந்தவர் ஊர்த்தலைவரின் சம்பந்தி. அவர் மனம் நோகலாகாது என்று ஊர் வாளாவிருந்தது. அவ்வூராரின் பேரர்கள் இன்று இந்நகரின் மதிலோரம் கல் சுமக்கின்றனர். எந்த ஊர் என்று கேட்டால் சொல்வதற்குப் பெயர் இல்லை.

ஆகவே ஆணையாவது: ஏழூர் நாடாள்வார் சாத்தி நங்கையாரே எழுந்து பதில் உரைக்க. பிறரை எழுப்பற்க. ஏழு ஊரின் ஒவ்வொரு வீட்டையும், அதில் அடுப்பெரிப்பவர் பெயரையும் உரைக்க. சுனைகளையும், சுனைக்குப் போகும் தடங்களையும், பதினேழு காவல் மரங்களையும் உரைக்க. புதைகாட்டில் கல் நட்டவரை மட்டுமன்றி, கல் நட ஆளில்லாமல் கிடப்பவரையும் உரைக்க. ஒரு பகலில் முடியாவிடில் மறுபகலும் உரைக்க. முடியும் வரை மன்று கலையலாகாது. ஓலை போதாவிடில் நகரிலிருந்து நான் கட்டுக் கட்டாய் அனுப்புவேன்.

எழினியின் பேச்சில் ஓட்டை எங்குள்ளது என்று கேட்டு என்னிடம் ஆள் அனுப்ப வேண்டா. கட்சிக்குக் கட்டுப்படுவேன் என்று நானும் அதே கொழுமுனையைத் தொட்டவள்.

மன்றில் வாசிக்க வேண்டாத சில சொற்கள் கீழே.

நங்கையே, உன்னை நான் அறிவேன். மணம் முடிந்த ஆண்டு, அவன் குதிரையை வெள்ளத்தில் விட்டுவிட்டு வந்தபோது, ஊரே கேட்டும் நீ கேட்கவில்லை. அவன் தலையைத் துவட்டிவிட்டாய். அந்த ஒரு செயலுக்காக உன்னை என் தங்கையாய் வரித்தேன். இன்று அதைத்தான் அஞ்சுகிறேன். அவன் பேசி முடித்ததும் உன் முகத்தைத்தான் பார்ப்பான். உன் சபையில், உன் மண்ணில் நின்று, உன் சுனைகள் மூழ்க வேண்டும் என்று சொன்ன வாயோடு பார்ப்பான். அவனைக் காப்பாற்ற வேண்டும் என்று உனக்குத் தோன்றும். சொல்லைக் குறைத்துக்கொண்டு அமர்ந்துவிடத் தோன்றும். நீ குறைக்கும் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு வீட்டார் மதிலோரம் வந்து நிற்பர்.

வீட்டில் அவனுக்கு இலை போடு. பூவணியை அவன் மடியில் விடு. அது உன் விருப்பம்; அதில் கட்சிக்கும் அரசுக்கும் சொல்ல ஒன்றுமில்லை. மன்றில் மட்டும் அவனுக்கு இரங்காதே. அவன் அதைத் தாங்குவான் என்று என்னால் உறுதி தர இயலவில்லை. தாங்காவிட்டாலும் இரங்காதே.

இது வீராணி கைப்பட எழுதிய எழுத்து. வேறு கை தொடவில்லை. மடல் மடித்து, நூலிட்டு, அரக்கில் ஏர் முத்திரை பதித்துப் பகல் ஓட்டத் தூதுவன் வசம் விடுக்கப்பட்டது. ஏழூர் நாடாள்வார் இவ்வோலையைத் தலைமேல் வைத்து ஏற்று, ஓலை எழுதுவோன் ஒருவனை இன்றே அமர்த்தி, முதல் வீட்டின் பெயரிலிருந்து தொடங்குக.